மறுபடி வாத்தியாரும் நான் துடைக்காத பலகையும்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே சரியும். போதாததற்கு மறதி வேறு. காலையில் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று மத்தியானம் வரை தேடுகிறேன். அதனால் நான் முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொன்னால் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறது. போன மாதம் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து என்னிடம் ஒரே புலம்பல். "செயலாய்வாம் அத்தை. ஒருத்தர் வகுப்பை ஒருத்தர் போய்ப் பாக்கணுமாம். எங்கே சறுக்குதுன்னு கண்டுபிடிச்சு, ஒண்ணைச் செஞ்சு பாத்து, எழுதி வச்சு, திரும்பவும் செய்யணுமாம். இதெல்லாம் யாருக்கு அத்தை முடியும்?" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையெல்லாம் ஒரு மனுஷர் யாரும் சொல்லாமலே செய்து, ஒரு பள்ளிக்கூடத்தையே தூங்கவிடாமல் அடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காரைக்காலிலிருந்து மாயவரம் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் அவரைப் போல உட்காரத் தெரியாத ஒரு மனுஷரைக் காட்ட முடியாது. பிரெஞ்சுக் கொடி இறங்கின மறு வருஷம் கோட்டுச்சேரிப் பக்கத்தில் எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய வாத்தியாராக வந்தார். நான் அங்கே வேலைக்கு இருந்தேன். பெருக்குவது, பானையில் தண்ணீர் நிரப்புவது, மணி அடிப்பது, வகுப்பு முடிந்ததும் பலகை துடைப்பது என் வேலை. வயது இருபதுக்குள். யாராவது பெயர் கேட்டால் காலைப் பார்த்துக்கொண்டு சொல்லுகிற ரகம்.

அவருக்கு என்று நாற்காலி ஒன்று போட்டிருந்தது. அவர் இருந்த ஒரு வருஷமும் அதில் தூசியைத் தவிர வேறு யாரும் உட்காரவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கையில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டே சாப்பிடுவார். காரைக்காலில் தங்கி பஸ்ஸில் வருவார். வண்டி காலியாக இருந்தாலும் நின்றுகொண்டேதான் வருவார். ஒருநாள் கண்டக்டர் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி என்னிடமே முறையிட்டான்.

"நீயாவது சொல்லு தங்கச்சி. இவரு நிக்கிறதைப் பாத்துட்டு, உள்ளே இடமில்லேன்னு ஜனங்க கையே காட்ட மாட்டேங்குறாங்க."

வரிச்சிக்குடி வயல் வழியாக நடந்தால் சீக்கிரம் வரலாமா என்று ஒருநாள் செய்து பார்த்தார். முழங்கால் வரை சேறு, காலில் ஒற்றைச் செருப்பு, அதோடு வந்து சேர்ந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். கழுவிக்கொண்டே சொன்னார்: "தனம், இது தப்பான வழி. நாளைக்கு மறுபடி, வேற வரப்புல." மறுநாள் இன்னொரு செருப்பும் போயிற்று. எதற்கும் அவருக்கு வருத்தம் கிடையாது. சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என்ன செய்தார், என்ன ஆயிற்று என்று எழுதுவார். "சரி, மறுபடி" என்பார். அப்படித்தான் 'மறுபடி வாத்தியார்' என்று ஊரெல்லாம் பெயராகிவிட்டது.

அவருக்குத் தலைவலி கொடுக்க இரண்டு பேர் தயாராக இருந்தார்கள்.

மூன்றாம் வகுப்புக்கு முசியே வாத்தியார். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தமாம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து இருந்தவர். மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை. காலையில் அவர் பிரெஞ்சில் 'போன்ழூர்' என்று வணக்கம் சொன்னால்தான் எங்களுக்கு விடிந்த மாதிரி. கொடி இறங்கியதிலிருந்து அவர் யாருக்கும் அதைச் சொல்வதில்லை. நான்காம் வகுப்புக்கு மாயவரத்து சார். புதுசு. சின்ன வயது, பெரிய பிரம்பு. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு தட்டிச் சுவர்தான். வந்து ஒரு மாதத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று.

காரணம் வகுத்தல் கணக்கு. மூன்றாம் வகுப்பு முடித்து வந்த பிள்ளைகளுக்கு மாயவரத்து சார் பலகையில் கணக்கு எழுதிப் போடுவார். முப்பது பிள்ளைகளும் சிலேட்டைக் காட்டுவார்கள். முப்பதிலும் பூஜ்யம். எத்தனை கணக்கு போட்டாலும் விடை பூஜ்யம். அவர் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டார். பிரம்பு பறந்தது.

"ஒரு தடவை நீங்களே செஞ்சு காட்டிடுங்களேன் சார்" என்று சின்ன வகுப்பு டீச்சர் சொல்லிப் பார்த்தது.

"வகுத்தல் மூணாங்கிளாஸ் பாடம் டீச்சர். அவரு சம்பளம் வாங்குவாரு, நான் சொல்லித் தரணுமா?"

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். "டீச்சர், அங்கே இருக்கிறவர் கிட்டே சொல்லுங்க. என்கிட்டே இருந்து போகும்போது பிள்ளைங்க நல்லாத்தான் போச்சு. வழியிலே என்ன ஆச்சோ."

வழி என்று ஒன்றும் இல்லை. நடுவே இருந்தது தட்டி மட்டும்தான்.

மாயவரத்து சார் ஆபீசுக்கு ஒரு மனு எழுதிப் போட்டுவிட்டார். பதில் வந்தது. பங்குனியில் இன்ஸ்பெக்டர் வருவார், நான்காம் வகுப்பைச் சோதிப்பார், பிள்ளைகளுக்குக் கணக்கு வராவிட்டால் மூன்றாம் வகுப்பு வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடிதத்தைப் படித்த அன்றைக்கு முசியே வாத்தியார் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தண்ணீர் குடிக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சது பிரெஞ்சும் இந்த மூணாங்கிளாசும்தான் தனம். ஒண்ணு போயிடுச்சு" என்றார். நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுபடி வாத்தியார் வந்த புதிதிலேயே சனிக்கிழமைக் கூட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தார். நாலு பேரும் வட்டமாக உட்கார வேண்டும். அதாவது மூன்று பேர் உட்கார வேண்டும், இவர் சுற்றி நடப்பார். அந்த வாரம் தன் வகுப்பில் என்ன தவறாகப் போயிற்று என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் தன்னுடையதைச் சொல்வார்.

"நேத்து அஞ்சாங்கிளாசுக்கு நான் பூகோளம் எடுத்தேன். நானே தூங்கிட்டேன், நின்னுக்கிட்டே. சரி, முசியே, நீங்க?"

"என் வகுப்பிலே தப்பு ஒண்ணும் இல்லை."

"மாயவரத்து சார்?"

"என் வகுப்பிலயும் இல்லை. வர்ற சரக்குதான் சரியில்லை."

சின்ன டீச்சர் பயந்த சுபாவம். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "ஒரு பையன் சாக்பீஸைத் தின்னுட்டான் சார்" என்றது. இவர் மகா அக்கறையாக நோட்டில் எழுதிக்கொண்டார். "எந்தக் கலர்?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமையும் அதே கேள்வி. அவர்கள் இரண்டு பேரும் அதே பதில். டீச்சர் மட்டும், "இந்த வாரம் ரெண்டு பேர் சார்" என்றது.

ஆனால் மனுஷர் விடவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டு வந்து தூங்குகிறார்கள், அதனால்தான் கணக்கு வரவில்லை என்று முதலில் நினைத்தார். கணக்கைக் காலைக்கு மாற்றினார். என் மணியெல்லாம் தலைகீழாயிற்று. எந்த நேரம் எதற்கு அடிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒருநாள் விளையாட்டு மணிக்குப் பதிலாகக் கடைசி மணி அடித்து மூன்று வகுப்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்துச் சனிக்கிழமையில் மாயவரத்து சார் சொன்னார்: "முன்னே தூங்கிக்கிட்டே பூஜ்யம் போட்டானுங்க. இப்ப முழிச்சுக்கிட்டு போடுறானுங்க."

"சரி, மறுபடி" என்று இவர் புளியங்கொட்டை கொண்டுவந்தார். தரையில் கொட்டி, "தொண்ணூத்தாறு கொட்டையை நாலு பேருக்குப் பங்கு போடுங்க" என்றார். பிள்ளைகள் கண்மூடித் திறப்பதற்குள் ஆளுக்கு இருபத்து நாலு என்று பிரித்துவிட்டார்கள். அதே கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டால் பூஜ்யம். இவர் வராந்தாவில் அன்றைக்கு நடந்த நடையில் எனக்குத் தலை சுற்றியது. "தரையிலே வருது, பலகையிலே வரலை. ஒருத்தன் தப்பு பண்ணினா அது அவன் தப்பு. முப்பது பேரும் அதே தப்பைப் பண்ணினா அது யாரோ சொல்லிக் கொடுத்த தப்பு. யாரு?" என்று தூணைப் பார்த்துக் கேட்டார். தூணுக்குப் பக்கத்தில் விளக்குமாற்றோடு நின்ற என்னைக் கேட்கவில்லை.

அடுத்து, ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் உட்கார்ந்து பாருங்கள் என்றார். இரண்டு பேரும் மறுத்துவிட்டார்கள். "எனக்கு என்ன மறுபடி அரிச்சுவடியா?" என்றார் முசியே. அப்புறம் இவரே போனார். இவர் தலை தெரிந்ததும் முசியே வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டு வாய்ப்பாடு சொல்ல வைத்துவிடுவார். ஒரு மணி நேரமும் வாய்ப்பாடு. இவர் வெளியே வந்ததும் பாடம். இவர் திரும்பிப் போனால் மறுபடியும் வாய்ப்பாடு. பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் எனக்கு அந்த வருஷம்தான் மனப்பாடம் ஆயிற்று. வகுப்பு முடிந்து இவர் பலகையைப் பார்க்கலாம் என்று வந்தால், அதற்குள் நான் பளபளவென்று துடைத்து வைத்திருப்பேன். சுத்தத்துக்குப் பெயர் வாங்கின கை.

தை மாதம் பிறந்தது. நான்காம் வகுப்புப் பலகை வெளுத்துப்போய்ச் சுண்ணாம்பு பிடிக்கவில்லை. ஊமத்தை இலையும் கரியும் அரைத்துப் பூசி வெயிலில் சாய்த்திருந்தேன். முதல் மணி முடிந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தோட்ட வேலைக்குப் போயிருந்தார்கள். மறுபடி வாத்தியார் காற்று மாதிரி வந்தார்.

"தனம், நாலாங்கிளாஸ் பலகை எங்கே?"

"காயுதுங்க சார்."

"மூணாங்கிளாஸ் பலகையைத் தூக்கிட்டு வா. ஓடு ஓடு."

அவர் அவசரத்தில் எனக்கும் கால் நிற்கவில்லை. பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி, நான்காம் வகுப்பில் நிறுத்திவிட்டு வந்தேன். வராந்தாவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, துடைக்கவில்லை என்று. முசியே வாத்தியார் எழுதிப்போட்ட கணக்கு, விடை போடாமல், அப்படியே இருந்தது. உள்ளே போகப் பயம். ஜன்னல் ஓரம் நின்றேன்.

மாயவரத்து சார் உள்ளே வந்து பலகையைப் பார்த்தார். "என்ன இது, திருப்பிப் போட்டு எழுதியிருக்கு? எந்தப் பய வேலை?" என்று பிரம்பை எடுத்தார். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை, முப்பது பிள்ளைகளும் சிலேட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரும் போடச் சொல்லவில்லை, அவர்களாகப் போட்டார்கள். முன்பெஞ்சுப் பெண் ஒன்று சிலேட்டை நீட்டியது. இருபத்து நாலு. பக்கத்துச் சிலேட்டிலும் இருபத்து நாலு. வரிசையாக இருபத்து நாலு.

பாடத்தைப் பார்க்க வந்து கடைசிப் பெஞ்சின் நுனியில் பட்டும் படாமலும் இருந்த மறுபடி வாத்தியார் துள்ளி எழுந்தார். பெஞ்சு சாய்ந்து ஐந்து பிள்ளைகள் தரைக்குப் போனார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. "அழிக்காதே, யாரும் அழிக்காதே" என்று பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சட்டையில் கணக்கு பாதி ஒட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து வழக்கப்படி முசியே வாத்தியார் தொண்ணூற்றாறை இடது பக்கம் எழுதி, வகுக்கிற நாலை வலது பக்கம் கொக்கி போட்டு எழுதுவார். மாயவரத்து சாருக்கு நாலு இடது பக்கம், தொண்ணூற்றாறு வலது பக்கம். பிள்ளைகள் வலது பக்கம் இருக்கிற எண்ணால்தான் வகுக்க வேண்டும் என்று படித்தவர்கள். நாலைத் தொண்ணூற்றாறால் எப்படி வகுப்பது? பூஜ்யம் தடவை, மிச்சம் நாலு. அவர்கள் கணக்கு சரிதான்.

அன்றைக்குச் சனிக்கிழமை இல்லாவிட்டாலும் கூட்டம். என்னையும் கூப்பிட்டார்கள். வேலை போயிற்று என்றே போய் நின்றேன்.

"ஏம்மா, ரெண்டு பலகையும் நீதானே துடைக்கிறே? அங்கே கொக்கி ஒரு பக்கம், இங்கே ஒரு பக்கம். நீ பாத்ததில்லையா?" என்று கேட்டார் மாயவரத்து சார்.

"பாத்திருக்கேன் சார்."

"எவ்வளவு நாளா?"

"ஆனியிலேருந்து."

"ஏம்மா சொல்லலை?"

"ஒருத்தர் வேட்டி கட்டுற மாதிரி இன்னொருத்தர் கட்ட மாட்டாங்களே, அப்படின்னு நினைச்சுக்கிட்டேன் சார். அதோட..." என்று நிறுத்தினேன்.

"சொல்லு."

"யாரும் கேக்கலைங்க."

மாயவரத்து சார் சிரித்தார். மறுபடி வாத்தியார் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து, நின்ற இடத்திலேயே நின்று எழுதினார். அவர் ஒரே இடத்தில் நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். "இந்த வாரம் என் தப்பு இது. எல்லாரையும் கேட்டேன், தனத்தைக் கேக்கலை" என்று படித்துக் காட்டினார். எனக்கு அந்தத் தரை பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை போல இருந்தது.

காரணம் தெரிந்துவிட்டதே, தீர்ந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் சண்டையே ஆரம்பித்தது. எந்தப் பக்கம் கொக்கி?

"இந்தியா முழுக்க இடது பக்கம்தான்" என்றார் மாயவரத்து சார்.

"கொடியை மாத்தினீங்க, புத்தகத்தை மாத்தினீங்க. என் கை எழுதுறதையும் மாத்தணுமா?" என்று முசியே எழுந்துவிட்டார். மூன்று வாரம் இதே பேச்சு. இன்ஸ்பெக்டர் வர ஒரு மாதம்தான் இருந்தது. மறுபடி வாத்தியார் புதுச் சட்டம் ஒன்று போட்டார்: அடுத்த வகுப்பு வாத்தியார் வந்து பார்க்கும் வரை நான் எந்தப் பலகையையும் துடைக்கக் கூடாது. யாரும் பார்க்க வரவில்லை. பலகைகளில் எழுத்து மேல் எழுத்தாக ஏறி, சரித்திரத்துக்குள் கணக்கு புகுந்து, கடைசியில் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆயிற்று. என் கை துடைக்கத் துடிக்கும். துணியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் மாயவரத்து சார் தண்ணீர் குடிக்க வந்தார். முன்பெஞ்சுப் பெண் அவருக்குத் தம்ளரை நீட்டியது. உள்ளங்கையில் பிரம்புத் தழும்பு. அவர் அந்தக் கையையே பார்த்தார். தம்ளரை வாங்காமல் நேரே மூன்றாம் வகுப்புக்குள் போய்க் கடைசி வரிசையில், பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார்.

முசியே வாத்தியார் பார்த்தார். "இரண்டாம் வாய்ப்பாடு" என்றார். பிள்ளைகள் சொன்னார்கள். "மூன்றாம் வாய்ப்பாடு." சொன்னார்கள். நாலாம் வாய்ப்பாட்டில் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். பலகைப் பக்கம் திரும்பி, மெதுவாக ஒரு கொக்கி போட்டார்.

கணக்கு முடிந்ததும், "மறுபடி ஒரு தடவை போடுங்க சார், அந்த ரெண்டாவது வரி புரியலை" என்றார் மாயவரத்து சார்.

"கையைத் தூக்கிட்டுக் கேக்கணும்" என்றார் முசியே.

அவர் கையைத் தூக்கினார். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். வெளியே மறுபடி வாத்தியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய்விடாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் முசியே வாத்தியார் நான்காம் வகுப்புக்குப் போனார். அப்புறம் இரண்டு பேருமாக ஒரே பலகை முன் நின்றார்கள். முதலில் வலது பக்கம், பிறகு அதையே இடது பக்கம்.

பங்குனியில் இன்ஸ்பெக்டர் வந்தார். பலகையில் கணக்கு எழுதினார், நாலு இடது பக்கம். முன்பெஞ்சுப் பெண் எழுந்து, "சார், இப்படியே செய்யவா, முசியே சார் மாதிரி செய்யவா?" என்று கேட்டது. அவர் விழித்தார். அது இரண்டு விதமாகவும் செய்து இருபத்து நாலு, இருபத்து நாலு என்று காட்டியது. பிறகு வரிசையாக எல்லாரும் செய்தார்கள். ஒரு பூஜ்யம் இல்லை.

இன்ஸ்பெக்டர் மனுவை எடுத்தார். "மூணாம் வகுப்பு வாத்தியார் ஒண்ணும் சொல்லித் தரலைன்னு எழுதியிருக்கே?"

"அதை எழுதினது நான்தான் சார். என் தப்பு. பிள்ளைங்க சரியாப் போட்ட கணக்குக்கு ஆறு மாசம் அடிச்சேன்" என்றார் மாயவரத்து சார்.

"என் தப்பும் இருக்குது. பெரிய வாத்தியார் பாக்க வந்தப்ப எல்லாம் வேணும்னே வாய்ப்பாடு சொல்ல வச்சேன்" என்றார் முசியே.

"நேரப் பட்டியலை உத்தரவு இல்லாம மாத்தினேன்" என்றார் மறுபடி வாத்தியார்.

சின்ன டீச்சர் எழுந்து நின்றது. "என் வகுப்பிலே சாக்பீஸ் திங்கிறதை இன்னும் நிறுத்த முடியலை சார்" என்று அழுதேவிட்டது.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "கண்டுபிடிக்க வேண்டியதை எல்லாம் நீங்களே சொல்லிட்டா, நான் எதுக்குய்யா வெயில்ல வந்தேன்?" என்றார்.

முசியே வாத்தியார் மூன்றாம் வகுப்பிலேயே இருந்தார். ஓய்வு பெறுகிற வரைக்கும் இருந்தார். இன்ஸ்பெக்டர் வந்து போன மறுநாள் காலை வாசலில் என்னைப் பார்த்து, "போன்ழூர், தனம்" என்றார்.

போனது மறுபடி வாத்தியார்தான். நெடுங்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் அடித்துக்கொள்கிறார்களாம், இவர்தான் சரி என்று மாற்றிவிட்டார்கள். பஸ்ஸுக்கு எல்லாரும் போனோம். படியில் நின்றுகொண்டு என்னைத் தேடிக் கூப்பிட்டார்.

"தனம், இந்தப் பள்ளிக்கூடத்திலே நான் கேக்காம விட்டது இன்னும் ஏதாவது இருக்கா?"

ஒன்று இருந்தது, என்னைப் பற்றியது. அத்தனை பேர் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. "இல்லீங்க சார்" என்றேன். வண்டி போய்விட்டது.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். இன்ஸ்பெக்டர் வந்தது பங்குனியா, மாசிக் கடைசியா, மறுபடி வாத்தியார் போனது நெடுங்காடா, அதற்கும் அப்பாலா, எனக்கு நிச்சயமில்லை. அப்போது அங்கே படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போடுங்கள். மற்றது எது தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷர். கடைசிக் காலத்தில் ஒரு வாய் கஞ்சி கொடுக்க அவர் பக்கத்தில் யாராவது இருந்தார்களா, அதை மட்டும் எப்படியாவது விசாரித்துச் சொல்லுங்கள்.